நூறு கோடி வருஷத்து எழுத்து

“தேடின முடிவை எந்த வடிவத்துல சேமிக்கிறது நல்லது, மேடம்?” என்று கேட்டார் தவசிமுத்து.

“யார் பாக்குறதுக்கு, சார்?” என்றாள் பெனிட்டா.

“நான் பாக்கத்தான்.”



மதுரையில் மரபணுத் தேடல் கற்றுத்தருகிற பெனிட்டாவுக்கு முப்பது வயது. மாணவர் தவசிமுத்துவுக்கு ஐம்பது. அருப்புக்கோட்டையில் கணக்கு வாத்தியார். மகள் பொன்மதி ஐந்து வயதாகியும் நடக்கவில்லை என்பதால் வந்தவர்.

பொன்மதியின் மரபணு ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருந்தது. நோய்க்குக் காரணம் அதுதானா என்று ஆய்வகம் சொல்லவில்லை.

மனைவி சௌந்திரத்துக்கோ காரணம் தெரியும். வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தன்று வெளியே போய்விட்டாள். மாமியார் சொன்னதுதான். இப்போது அவளே நம்புகிறாள், பாவம்.

மகளின் எழுத்துகளைக் கொடுத்து, அவற்றைப் போன்றவை வேறு எந்தெந்த உயிர்களில் உண்டு என்று தவசிமுத்து தேடினார். முடிவை அட்டவணையாகச் சேமித்தார். பெயர், சதவீதம், மதிப்பெண். கணக்கு வாத்தியார் வேறெதைத் தேர்ந்தெடுப்பார்?

மற்ற மனிதர்களோடு ஒற்றுமை தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்கும் மேல். அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அந்த எழுத்தால் ஒரு பாதகமும் இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்.

எழுத்துகளை அடுக்கிக் காட்டும் பார்வை மென்பொருளில் அதைத் திறந்து காட்டச் சொன்னாள் பெனிட்டா.

திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். மென்பொருளைத் திட்டினார்.

“மார்க் இருக்கு. விடைத்தாள் எங்க, சார்?”

வாத்தியார், எழுத்துகள் முழுவதும் வருகிற வடிவத்தில் மறுபடி தேடினார். கோப்பு பெரிதாக இருந்தது. இந்த முறை திறந்தது.

மேலே மகளின் வரிசை. கீழே உயிருக்கு ஒரு வரிசை. அவளோடு ஒத்துப்போகிற இடமெல்லாம் புள்ளி, மாறுகிற இடத்தில் மட்டும் எழுத்து.

திரை நிறையப் புள்ளிகள்.

பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கோழி. கெண்டை. நெல். கடைசியில், பன்னை உப்ப வைக்கிற ஈஸ்ட். காலையில் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பன்னைத்தான் டீயில் நனைத்துத் தின்றிருந்தார். அவருக்கு மெய் சிலிர்த்தது.

பெனிட்டா ஓரிடத்தில் விரலை வைத்து, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தாள்.

அங்கே மட்டும் புள்ளியே இல்லை. மனிதன் முதல் ஈஸ்ட் வரை ஒரே எழுத்து. மகளிடம் வேறு.

“எவ்வளவு காலமா இப்பிடி?”

“நூறு கோடி வருஷத்துக்கு மேல. அது இல்லாம ஆகாதுன்னுதான் மாறாம இருக்கு, சார்.”

அவர் கைகூப்பவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

“அதை மாத்தி வச்சுக்கிட்டும் எம்மக சிரிக்கிறா, மேடம்.”

பெனிட்டாவுக்குக் கண் கலங்கியது. டாக்டர் இன்னும் சோதித்துத்தான் உறுதி சொல்ல வேண்டும், ஆனால் முதலில் இந்த எழுத்தைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றாள்.

அவர் கேட்டார்: “இதை எந்த வடிவத்துல சேமிக்கிறது?”

“யார் பாக்குறதுக்கு, சார்?”

“கிரகணத்தன்னிக்கு வெளிய போனவ.”

பெனிட்டா எழுந்து, தன் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டாள்.

“கூட்டிட்டு வாங்க.”