பத்து ரூபாய் எதற்கு?

கோவில்பட்டியில் ஜனங்களின் கரண்ட் பில், போன் பில்களைக் கம்ப்யூட்டரில் கட்டிக்கொடுக்கும் கடை நடத்தும் ரெஜினாவிடம் தொழில் பழக வந்தவர் கதிரேசன். அவளைவிட வயதில் மூத்தவர். வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீஸை மூடிவிட்டார்கள். இனி சொந்தமாக ஒரு கடை போட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வந்த நாளிலிருந்தே ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது. அன்று காலை கேட்டுவிட்டார்.

"ஒவ்வொரு பில்லுக்கும், பணத்தை அனுப்பி வைக்கிற கம்பெனி நமக்குக் கமிஷன் தருது. அதுக்கு மேல ஜனங்ககிட்ட ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்குறது எதுக்கும்மா? எதிர்க்கடையில அது வாங்குறதில்லையே."

ரெஜினா பதில் சொல்வதற்குள் மாவு அரைத்து விற்கும் பேச்சியம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"கடைசித் தேதின்னு நேத்து இங்கதான கரண்ட் பில் கட்டுனேன்? கட்டலைன்னு சொல்லி ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. கல்யாண வீட்டுக்கு மாவு சொல்லியிருக்காங்க. அரிசி ஊறிக் கிடக்கு."

கதிரேசன் கம்ப்யூட்டரில் பார்த்தார். கடைக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. மின்வாரியத்துக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கோ நிற்கிறது.

"நம்ம பக்கம் தப்பு இல்லைம்மா," என்றார் நிம்மதியாக. "மூணு நாள்ல சரியாயிரும்."

"மூணு நாள்ல அரிசி நாறிப்போகும்யா."

ரெஜினா எழுந்தாள். வரிசையில் நின்றவர்களிடம், "கோவிச்சுக்காதீங்க. அவசரம்னா எதிர்க்கடையில கட்டிக்கோங்க," என்றாள். எல்லோரும் வெளியேறியதும் ஷட்டரை இறக்கினாள்.

"வாங்கண்ணே."

மூவரும் ஆட்டோ பிடித்து மின்வாரிய அலுவலகம் போனார்கள். ரெஜினா தன் கைப்பணத்தைக் கட்டி ரசீது வாங்கினாள். லைன்மேன் வேறொரு தெருவில் கம்பத்தின் மேல் இருந்தார். அவர் இறங்கும்வரை கீழேயே நின்றாள். ரசீதைக் காட்டி, கையோடு பேச்சியம்மாள் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கிரைண்டர் சுற்றத் தொடங்கிய பிறகுதான் கிளம்பினாள்.

திரும்பி வந்தபோது எதிர்க்கடையில் கூட்டம் நெரிந்தது. கதிரேசனுக்கு மனசு ஆறவில்லை.

"ஒரு பத்து ரூபாய்க்காக அரைநாள் வியாபாரம் போச்சேம்மா. இது எந்த ஊர் நியாயம்?"

ரெஜினா ஷட்டரைத் தூக்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போய்ச் சேர்ற பணத்துக்குக் கம்பெனி கமிஷன் தருது, அண்ணே. ஜனங்க தர்ற பத்து ரூபாய், போய்ச் சேராத பணத்துக்கு."