கரடிக் களிம்பும் மைனாவின் பாட்டும்

பலாமரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் வாய் ஓயாத மைனா ஒன்று இருந்தது. அதன் மரத்தடியில்தான் கரடி குடியிருந்தது. கரடி, தேன்மெழுகில் பச்சிலையைக் காய்ச்சிக் களிம்பு செய்யும். முள் குத்திய புண்ணில் தடவினால் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் அப்படி ஒரு களிம்பு இருப்பதே காட்டில் யாருக்கும் தெரியாது.

"அண்ணா, விளம்பரத்தை என்னிடம் விட்டுவிடுங்கள். காட்டையே கூட்டிவிடுகிறேன்" என்றது மைனா.

"சரி, சொல். ஆனால் முள் குத்திய புண்ணுக்கு மட்டும் என்று சொல்."

மைனாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முள் குத்தியவர்கள் மட்டும் வந்தால் கூட்டம் எப்படிச் சேரும்? அது தானே ஒரு பாட்டுக் கட்டியது.

"காய்ச்சலா? கரடிக் களிம்பு! வயிற்று வலியா? கரடிக் களிம்பு!"

அதோடு விட்டதா? குரங்குக்கு நொண்டி நடக்கவும் சொல்லிக் கொடுத்தது. எல்லாரும் பார்க்கக் குரங்கு நொண்டி நொண்டி வரும். களிம்பைத் தடவியதும் குட்டிக்கரணம் போடும். கைதட்டல் காதைப் பிளக்கும்!

கூட்டம் வந்தது. கரடியோ ஒவ்வொருவரிடமும், "முள் குத்தியதா?" என்று கேட்டு, இல்லை என்றவர்களைத் திருப்பி அனுப்பியது.

"வந்தவர்களை விரட்டுகிறீர்களே! நான் தொண்டை வறளக் கத்துவது எதற்கு?" என்று சிடுசிடுத்தது மைனா.

"எனக்கும் அதுதான் புரியவில்லை" என்றது கரடி.

மழைக்காலம் வந்தது. மைனாவின் குஞ்சுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பதறிப்போன மைனாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது தன் பாட்டுத்தான். பாடிப் பாடி அதற்கே அது உண்மையாகிவிட்டது! குரங்கின் வேடிக்கைக்காகக் கூட்டில் வைத்திருந்த களிம்பை எடுத்துத் தடவியது. மதியத்துக்குள் குஞ்சின் தலை தொங்கிவிட்டது.

மைனா கீழே பறந்து வந்தது. "அண்ணா, இன்னும் கொஞ்சம் களிம்பு கொடுங்கள்! தடிப்பாகப் பூச வேண்டும் போலிருக்கிறது."

"தரமாட்டேன். காய்ச்சலுக்கு இது ஆகாது."

"ஆகும்! காடே பாடுகிறதே!"

"காட்டுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார்?"



கரடி மரமேறிக் கூட்டை அப்படியே எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடைக்கரைக்கு ஓடியது; மைனாவும் பின்னாலேயே பறந்தது. அங்கே காய்ச்சலுக்கு மருந்து தரும் யானை அக்கா இருந்தாள். அவள் கசாயத்தைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். பொழுது சாயும் நேரம் குஞ்சு கண் விழித்து, "அம்மா, பசிக்குது" என்றது.

மைனா தேம்பித் தேம்பி அழுதது. "அக்கா, என் பிள்ளையைக் காப்பாற்றினீர்கள். அண்ணா, நீங்கள் மட்டும் 'இந்தா, தடவு' என்று தந்திருந்தால் நான் இங்கே வந்தே இருக்கமாட்டேன். தரமாட்டேன் என்றீர்களே, அந்த ஒரு சொல்லை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்!"

மறுநாள் காலை மைனா புதுப் பாட்டுப் பாடியது.

"முள் குத்தினால் கரடிக் களிம்பு! காய்ச்சல் என்றால் களிம்பு வேண்டாம், யானை அக்காவிடம் ஓடு!"

குரங்கு நொண்டிக்கொண்டே வந்து, "இன்று எத்தனை குட்டிக்கரணம்?" என்று கேட்டது.

"ஒன்றும் வேண்டாம். நிஜமாகவே முள் குத்தினால் வா" என்றது மைனா.

கூட்டிலிருந்து குஞ்சும் கூடச் சேர்ந்து பாடியது.

நீதி: மருந்தைப் புகழ்பவர், அது எதற்கு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.