டீச்சருக்கு ஒரு புதுச் சொல்

கல்வராயன் மலை அடிவாரத்து ஆசிரமம் ஒன்றில், தீட்சை வாங்க வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. குரு ஒரு புத்தகம் தருவார். அதைப் படித்து, தனக்கு அதுவரை தெரியாத ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக் காலைச் சபையில் வைக்க வேண்டும். அதற்குப் பொருள் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். வாக்கியம் சொல்கிறவருக்கே நடந்ததாக இருக்க வேண்டும். இதைச் சொல் காணிக்கை என்பார்கள். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரிதான் இருக்கும். ஆனாலும் பெரிய பெரிய ஆட்களெல்லாம் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

அமிர்தவல்லி டீச்சருக்கு இதைக் கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது. சேலத்தில் இருபது வருஷம் தமிழ் நடத்தியவள். அருஞ்சொற்பொருளும், ‘வாக்கியத்தில் அமைத்து எழுதுக’வும் அவளுக்குத் தூக்கத்தில்கூட வரும். தெரியாத சொல்லுக்கு எங்கே போவது என்பதுதான் அவளுடைய கவலை.

தீட்சைக்காக அவள் எல்லாவற்றையும் விட்டு வந்திருந்தாள். கணவர் மாரடைப்பில் போன பிறகு அந்த வீட்டுக்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. வேலையை ராஜினாமா செய்தாள். பதினைந்து வயது மகள் தண்மதியைத் தங்கை வீட்டில் விட்டாள். நேராக இங்கே வந்து சேர்ந்தாள். வரும் பௌர்ணமியில் காவி கிடைத்துவிட்டால் பழைய பெயர் போய்விடும், அதோடு பழைய வாழ்க்கையும் போய்விடும். அந்த நாளுக்காகத்தான் அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

குரு அவளைவிடப் பத்து வயது இளையவர். எல்லோரும் சாமியம்மா என்று கூப்பிடுவார்கள். குட்டை உருவம். கையில் எந்நேரமும் தோட்டத்து மண் ஒட்டியிருக்கும். அமிர்தவல்லியை அவர் ‘டீச்சர்’ என்றுதான் அழைப்பார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

அவளோடு தீட்சைக்குக் காத்திருந்த வக்கீல் ஒருவருக்குத் தலையணை மொத்தத்தில் வேதாந்த உரை கிடைத்தது. அமிர்தவல்லி இரண்டு கையையும் நீட்டினாள். கையில் வந்து விழுந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட்டையில் ஒரு பெண்பிள்ளை, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிமேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற நாவல்.

“சாமி, புத்தகம் மாறிப்போச்சுங்களா?”

“மாறல.”

“இது பத்தாவது, பதினொண்ணாவது பிள்ளைங்க படிக்கிறது.”

“ஆமா.”

“இதுல எனக்குத் தெரியாத சொல் என்னங்க இருக்கப்போவுது?”

“தேடிப் பாருங்க டீச்சர்” என்றார் சாமியம்மா. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அமிர்தவல்லிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. வக்கீல் வேறு ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

முதல் தடவை அவள் சிவப்புப் பேனா பிடிக்கிற மனசோடு படித்தாள். பக்கத்துக்குப் பக்கம் ஒற்றுப்பிழை. வாய்க்கு வந்தபடி பேசுகிற பிள்ளைகள். அப்பாவை ‘ப்ரோ’ என்று கூப்பிடுகிற ஒரு பையன். புத்தகத்தின் நடுவில் யாரோ ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தார்கள். இப்படி மடித்ததற்காக எத்தனை பிள்ளைகளை அவள் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறாள். மடிப்பை நகத்தால் நீவி நேராக்கிவிட்டுத்தான் மேலே படித்தாள்.

படித்து முடித்ததும், தனக்குத் தெரியாத சொற்கள் அதில் இறைந்து கிடந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. டீச்சர் கடைசி வரைக்கும் பட்டன் போன் வைத்திருந்தவள். இந்தப் பிள்ளைகளின் பேச்சு அவள் காதில் விழுந்ததுண்டு, அவள்தான் அதற்குக் காது கொடுத்ததில்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும் என்று வகுப்பில் கத்தியது அவளுக்கே உதவியது. முன்னும் பின்னும் படித்து ஒரு சொல்லைப் பிடித்துவிட்டாள்.

மறுநாள் சபையில் நிமிர்ந்து நின்றாள்.

“சொல், கிரிஞ்ச். பொருள், பிறர் செய்கையைக் கண்டு நமக்கு உண்டாகும் கூச்சம். வாக்கியம், ஆண்டு விழா மேடையில் நடனமாடிய தலைமையாசிரியரைக் கண்டு எனக்குக் கிரிஞ்சாக இருந்தது.”

சபையே குலுங்கிச் சிரித்தது. சாமியம்மாவும் சிரித்தார். பிறகு கேட்டார்.

“ஆடினாரா?”

“யாருங்க?”

“தலைமையாசிரியர்.”

அமிர்தவல்லி விழித்தாள். “இல்லைங்க சாமி. உதாரணத்துக்குச் சொன்னேன்.”

சாமியம்மா புத்தகத்தை அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

வாழ்நாளில் அவள் எழுதிய வாக்கியம் ஒன்றை யாரும் தவறென்று சொன்னதில்லை. அத்தனை வாக்கியத்திலும் ஒன்றுகூட நடந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முருகன் பள்ளிக்குச் சென்றான் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறாள். எந்த முருகன் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

பௌர்ணமிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மறுபடி புத்தகத்தைத் திறந்தாள். இந்தத் தடவை சொல் தேடித்தான் நுழைந்தாள். கதை அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. சாப்பாட்டு மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை.

கதையில் ஒரு பெண். அவளுக்கு உயிர்த்தோழி ஒருத்தி. தோழி வேறு ஊருக்குப் போய்விடுகிறாள். இவள் போனில் செய்தி அனுப்புகிறாள், பதில் இல்லை. மறுபடி அனுப்புகிறாள். செய்தி போய்ச் சேர்ந்தால் இரண்டு டிக் விழுமாம். அவர்கள் திறந்து படித்துவிட்டால் அந்த டிக் இரண்டும் நீலமாக மாறுமாம். ப்ளூ டிக். அந்தப் பெண் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து தன் அண்ணனிடம் சொல்கிறாள்: “பார்க்கலைன்னா பரவாயில்லடா, போன் ரிப்பேர்னு நினைச்சுக்குவேன். பார்த்துட்டாடா. பார்த்துட்டுச் சும்மா இருக்கா.”

அந்த இடத்தில் அமிர்தவல்லிக்குப் பகீரென்றது. புத்தகத்தைச் சட்டென்று மூடிவிட்டாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, ஆசிரமத்தில் பார்வையாளர் நாள். போன மாதம் அன்றைக்குத் தண்மதி வந்திருந்தாள். சேலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வாசலில் நின்றாள். அமிர்தவல்லி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். பிள்ளை மெலிந்திருந்தது. கீழே இறங்கிப் போனால் தீட்சை போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டுத் திரும்பி வரத் தன்னால் முடியாது என்று தெரியும். வாயிற்காவலர் பெரியதம்பியிடம், தான் மௌன விரதத்தில் இருப்பதாகச் சொல்லச் சொல்லி அனுப்பினாள். ஜன்னல் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். அரைமணி கழித்து எட்டிப் பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை. சாமியம்மா மட்டும் செம்பருத்திக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

அதை அவள் வைராக்கியம் என்று நினைத்திருந்தாள். அன்று மாலை தியானத்தில் மனசு நன்றாக அடங்கியதாகக்கூட நினைத்திருந்தாள்.

வேறு சொல் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கங்களைப் புரட்டினாள். சொற்கள் எத்தனையோ இருந்தன. அவள் கண்ணில் ஒன்றும் ஏறவில்லை.

பௌர்ணமி அன்று காலை சபை கூடியது. சாமியம்மாவின் பக்கத்தில் ஒரு மணைமேல் இரண்டு காவித் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வக்கீல் தன் சொல்லை வைத்தார், தனக்கு நடந்த வாக்கியத்தையும் சொன்னார். அவருடைய சொல்லைச் சாமியம்மா ஏற்றுக்கொண்டார்.

அமிர்தவல்லி எழுந்தாள்.

“சொல், ப்ளூ டிக்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“பொருள்?” என்றார் சாமியம்மா.

“ஒருத்தர் அனுப்பினதைப் பார்த்துட்டேன்னு அவங்களுக்குத் தெரியறதுக்கான அடையாளம்.”

“வாக்கியம்?”

அவள் பத்திரமான வாக்கியம் ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியை ஒருத்தி இவளுடைய விண்ணப்பத்துக்குப் பதில் தராமல் விட்ட கதை. நடந்ததுதான், யாரும் குறை சொல்ல முடியாது. வாயைத் திறந்தாள். அது வரவில்லை.

“போன மாசம் எம் பொண்ணு வாசல்ல வந்து நின்னா. நான் ஜன்னல்லருந்து பார்த்தேன். மௌனத்துல இருக்கேன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன். அன்னிக்கு நான் மௌனத்துல இல்லைங்க சாமி. பொய்.”

சபையில் சிரிப்பு நின்றுபோனது. விரதத்தின் பேரைச் சொல்லிப் பொய் பேசிய ஒருத்தியை அந்த ஆசிரமம் அதுவரை கண்டதில்லை. பின்னால் சுவரோரம் நின்ற பெரியதம்பி தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு போய் வாசலில் இறக்கியவர் அவர்தான்.

தன்னை வெளியே போகச் சொல்லிவிடுவார்கள் என்று அமிர்தவல்லி எதிர்பார்த்தாள்.

“வாக்கியம் சரிதான். ஆனா பாதிதான் இருக்கு” என்றார் சாமியம்மா. “நீங்க சொன்ன பொருளுக்குப் பொருந்தி வரலையே. பார்த்தது நீங்க. அது அவங்களுக்குத் தெரியணுமில்ல?”

“அவளுக்குத் தெரியாதுங்க. நான் கதவுக்குப் பின்னால போயிட்டேன்.”

“டீச்சர், இந்தப் புத்தகம் ஏதுன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

அமிர்தவல்லி கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

சாமியம்மா மெதுவாகத்தான் சொன்னார். பெரியதம்பி விரதம் என்று சொன்னதும் அந்தப் பிள்ளை சரி என்று தலையாட்டியதாம். செம்பருத்திக்குப் பக்கத்தில் வந்து, பையைத் திறந்து, படித்துக்கொண்டிருந்த நாவலை எடுத்துத் தந்ததாம். படிக்க ஒன்றும் இல்லையென்றால் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும், இதையாவது கொடுங்கள் என்றதாம்.

“அப்புறம் ஒண்ணு சொல்லுச்சு” என்றார் சாமியம்மா. “அம்மா ஜன்னல்ல நின்னாங்க, நான் பார்த்துட்டேன். பார்த்தேன்னு சொல்லிடாதீங்க, அம்மா சங்கடப்படுவாங்கன்னுச்சு.”

அமிர்தவல்லிக்கு உட்காரவும் தோன்றவில்லை. தான் ஒளிந்த கதவைப் பார்த்தபடி பிள்ளை நின்றிருக்கிறது. பார்த்தும் அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் இரண்டு பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் புத்தகத்தைப் புரட்டினாள். விரல்கள் நடுப்பக்கங்களில் எதையோ தேடின. மூலை மடிந்திருந்த பக்கம் எதுவென்று தெரியவில்லை. நன்றாக நீவிவிட்டிருந்தாள்.

“சாமி” என்றாள். மணைமேல் மடித்து வைத்திருந்த துணியில் அவள் பார்வை போய் நின்றது. “அப்ப, தீட்சை?”

சாமியம்மா துணியைப் பார்க்கவில்லை.

“அது இரவல் புத்தகம் டீச்சர்” என்றார். “அந்தப் பிள்ளை இன்னும் பாதிதான் படிச்சிருக்கு.”