எந்த ரெசிஸ்டர் நன்றாகப் பாடும்?

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்குக் கோணக்குளத்துக்காரர்களும் போய் வரிசையில் நிற்கத்தான் செய்தார்கள். முன்னால் நின்ற ஒருவர் திரும்பி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா" என்றார். இவர்கள் தள்ளினார்கள். எவ்வளவு தூரம் என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. தள்ளிக்கொண்டே வந்து ஊருக்கே திரும்பிவிட்டார்கள். மற்றபடி தங்கமான மனிதர்கள்.

அந்த ஊரில் மைக்செட் வைத்திருந்தவன் கொம்பையா. ஒயர் இழுக்கத் தவசிக்கனி, மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்ட மாடக்கண்ணு. மூன்று பேரும் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கினால், அதை முடிக்க இன்னும் ஆறு பேர் வேண்டும்.

கொம்பையாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. குளத்துக்கு அக்கரையில் இருந்த மாமன் மகள் செண்பகவடிவைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவளுக்கும் சம்மதம்தான். ஆனால் போன வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில் இவன் மைக்கைப் பிடித்து அவள் பெயரைச் சொன்னபோது, ஆம்ப்ளிஃபையர் போட்ட இரைச்சலில் அக்கரைக்கு வெறும் 'ஸ்ஸ்ஸ்' என்றுதான் போய்ச் சேர்ந்தது. யாரோ தோசை வார்க்கிறார்கள் என்று நாலைந்து பேர் தட்டோடு கிளம்பி வந்துவிட்டார்கள். செண்பகவடிவுக்கு மானம் போயிற்று.

"இங்க பாருங்க அத்தான். இந்தக் கொடைக்கு நான் எங்க வீட்டு வாசல்ல நிப்பேன். நீங்க மைக்குல எம் பேரைச் சொல்லணும். இரைச்சல் இல்லாம என் காதுல தெளிவா விழணும். விழுந்தா நமக்குக் கல்யாணம். இல்லைன்னா அப்பா பாத்து வச்சிருக்கிற நாங்குநேரி மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிருவேன்."

கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆம்ப்ளிஃபையரைத் தலையில் வைத்துக்கொண்டு டவுனுக்கு, ரேடியோ சாமான் விற்கும் ஞானதுரை அண்ணாச்சியின் கடைக்குப் போனான்.

அண்ணாச்சி பெட்டியைத் திறந்து பார்த்து உச்சுக்கொட்டினார். "உள்ள கரண்டைத் தடுக்குத ரெசிஸ்டரெல்லாம் மட்டம்டே. அதான் இப்படி இரையுது. நல்லதாத் தாரேன்." ஒரு தாளில் கொஞ்சம் கொட்டினார். ஒவ்வொன்றும் எள் அளவு.

"இதுக்குக் காலே இல்லையே அண்ணாச்சி?"

"இது பலகை மேலயே படுத்துக்கிடுத சாதி. கால் எதுக்கு? சொல்லுததை நல்லாக் கேட்டுக்கோ. ரெசிஸ்டர் மேல பூச்சு தடிச்சிருந்தா இரைச்சல் போடும், மெல்லிசா இருந்தாத்தான் அமைதி. அதனால தடிச்சதையெல்லாம் கழட்டி எறிஞ்சிரு. இதைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி பூமியைத் தொட்டுக்கோ, உடம்புல இருக்கிற மின்சாரம் இறங்கட்டும். நாலைஞ்சு தினுசு கலந்து வச்சிருக்கேன். எது நல்லாருக்குன்னு காதால கேட்டுத் தேர்ந்தெடு. மீட்டரை நம்பாத, காதை நம்பு."

வழியெல்லாம் கொம்பையா இதை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு சொல்லைக்கூடத் தவறவிடவில்லை. அதுதான் பிரச்சினையே.

கோயில் முன்னால் வெள்ளை வேட்டியை விரித்து ரெசிஸ்டர்களைப் பரப்பினார்கள். தவசிக்கனி நியாயமான சந்தேகம் ஒன்றைக் கிளப்பினான்.

"பூமியை விரலால தொடணுமா, முழு உடம்பாலயா?"

கொம்பையா யோசித்தான். "மின்சாரம் உடம்பு பூராவும்லா இருக்கு? விரலை மட்டும் வச்சா வயித்துல உள்ளது எப்படிலே இறங்கும்?"

ஆகவே ஒவ்வொரு ரெசிஸ்டரை எடுக்கும் முன்பும் மூன்று பேரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார்கள். அந்தப் பக்கம் போன பெண்கள் இதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள். ஒருத்தி சூடம் ஏற்றினாள்.

"என்ன சாமி தம்பி இது?"

"ரெசிஸ்டர்."

"கண்ணுக்கே தெரியலையே. அப்போ பெரிய சாமியாத்தான் இருக்கும்."

இவர்கள் விழுந்து கிடந்த நேரத்தில் எறும்பு ஒன்று வந்து ஒரு ரெசிஸ்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தது. மாடக்கண்ணு அலறினான். "கொம்பையா, இதுக்குக் கால் முளைச்சிட்டுது!" கால் உள்ளது பழைய சாதி, நமக்கு ஆகாது என்று அதைப் போக விட்டார்கள்.

அடுத்தது காதால் கேட்பது. கொம்பையா ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"பாடுதா?" என்றான் தவசிக்கனி.

"இல்ல. கூச்சப்படுது போல."

"பாட்டு நல்லாருக்கணுமா, இரைச்சல் இல்லாம இருக்கணுமா? முதல்ல அதைத் தீர்மானம் பண்ணுங்க" என்றான் மாடக்கண்ணு. "ரெண்டும் வேணும்னா, சத்தம் போடாமப் பாடுத ஒண்ணைத்தான் தேடணும்."

இது ஆழமான கருத்து என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பேச்சோடு பேச்சாக மாடக்கண்ணு ஒன்றை எடுத்துக் காதில் இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடிக்க, அது வழுக்கி உள்ளே போய்விட்டது.

"என்னலே கேக்குது?"

"என்னது?"

"என்ன கேக்குதுன்னு கேட்டேன்!"

"ஒண்ணுமே கேக்கலை! நீ பேசுதது கூடக் கேக்கலை!"

கொம்பையா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். உலகத்திலேயே இரைச்சல் இல்லாத ரெசிஸ்டர் கிடைத்துவிட்டது. மாடக்கண்ணுவைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கி அதை வெளியே எடுத்தார்கள்.

இனி தடித்ததையெல்லாம் கழற்ற வேண்டும். பெட்டிக்குள் இருந்ததிலேயே தடித்தது டிரான்ஸ்ஃபார்மர். "இம்புட்டுத் தடியா இருந்தா இரையாம என்ன செய்யும்?" என்று அதைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்தான் தவசிக்கனி. அப்புறம் உருண்டை உருண்டையாக இருந்தவை போயின. கரண்டு ஒயரும் பார்க்கத் தடிமனாகத்தான் இருந்தது, அதுவும் போயிற்று. மாடக்கண்ணுவின் காதிலிருந்து வந்ததை மட்டும் நடுப்பலகையில் படுக்க வைத்துப் பற்றவைத்து, கொம்பையா சுவிட்சைப் போட்டான்.

இரைச்சல் இல்லை. துளிக்கூட இல்லை. கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கொடையன்று உச்சிப்பொழுதில் மேளம் ஓய்ந்தது. கொம்பையா மைக்கைப் பிடித்தான். "செண்பகவடிவு!" குழாய் ஸ்பீக்கர் கம்மென்று இருந்தது. நாங்குநேரி மாப்பிள்ளை மீசையோடு கண்முன் வந்து நின்றான்.

"கேக்கலையேலே!"

"நமக்கு எதுக்குக் கேக்கணும்?" என்றான் தவசிக்கனி. "அது வீட்டு வாசல்ல கேக்கணும்னுதானே பேச்சு?"

"அங்க கேட்டுதான்னு எப்படித் தெரியும்?"

"அங்க போய்ப் பாக்கணும்."

"நான் அங்க போயிட்டா இங்க யாரு பேசுவா?"

மூன்று பேரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார்கள். கடைசியில் மாடக்கண்ணு நிமிர்ந்தான். "மைக்கையும் கையோட கொண்டு போயிரு."

ஒயர் அவ்வளவு நீளம் இல்லை. அதனால் மைக்கைக் கழற்றிக்கொண்டு கொம்பையா குளத்தங்கரையோடு ஓடினான். ஆம்ப்ளிஃபையரைத் தவசிக்கனி பார்த்துக்கொண்டான்.

வாசலில் செண்பகவடிவு பட்டுச் சேலை கட்டி, கோயில் ஸ்பீக்கர் இருந்த திசையைப் பார்த்து, கண்ணை இறுக மூடிக் காதோரம் கையைக் குவித்து நின்றாள். இன்னும் ஒன்றும் கேட்கவில்லையே என்று தவித்தாள். பாவம், நாங்குநேரி மாப்பிள்ளையை அவளுக்கும் பிடிக்கவில்லை. கொம்பையா அவள் பக்கத்தில் போய் நின்று, மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"செண்பகவடிவூ!"

அவள் துள்ளிவிட்டாள். கண்ணில் பொலபொலவென்று நீர். "அம்மாடி, என்னா தெளிவு! பக்கத்துல நின்னு சொல்லுத மாதிரியே இருக்கே!" திரும்பினால் கொம்பையா நிற்கிறான். "அத்தான், நீங்க எப்ப வந்தீங்க? உங்க மைக்கு பேசினது கேட்டுதா?"

"கேட்டுதே!" என்றான் கொம்பையா பூரித்துப்போய். "எனக்கே நல்லாக் கேட்டுது!"

"சத்தம்தான் கொஞ்சம் கூடுதல்" என்று அவள் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

கொம்பையா கோயில் இருந்த கரையைப் பார்த்துக் கூவினான். "ஏலே தவசி! சத்தத்தைக் குறை!"

அங்கே தவசிக்கனி பயபக்தியோடு குமிழைத் திருகினான். கொம்பையா மைக்கை மறுபடியும் வாயருகே கொண்டுபோய், "செண்பகவடிவு" என்று மெல்லச் சொன்னான்.

"ஆங், இப்ப அளவா இருக்கு" என்றாள் அவள். "கல்யாணம் வரைக்கும் இப்படியே வச்சிருக்கச் சொல்லுங்க."