படகு விட்டுப்போன வலை

ஒரு கடலில், ஆளில்லாத் தீவு ஒன்றை ஒட்டிப் பவளத் திட்டு ஒன்று இருந்தது. அதன் குகையில் ஒரு களவா மீன் குடியிருந்தது. பெரிய வாய், பெரிய வயிறு. ஆனால் இரை தேடி அலைய மட்டும் அதற்குச் சோம்பல்.

ஒரு நாள், மேலே போன படகிலிருந்து கிழிந்த வலை ஒன்றை வெட்டி எறிந்தார்கள். அது இறங்கி வந்து திட்டின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. மறுநாள் காலை அதில் ஏழெட்டுச் சாளை மீன்கள் சிக்கித் துடித்தன. களவா வாசலை விட்டு இரண்டு முழம் நீந்திப் போய், ஒவ்வொன்றாகப் பிய்த்து விழுங்கியது. அன்று முதல் தினமும் அதே விருந்து.

அதே திட்டில் ஒரு கிளிமீனும் தன் குஞ்சுகளோடு வாழ்ந்துவந்தது. ஐந்தாம் நாள் ஓர் ஆமை அந்தப் பக்கம் வந்தது. அதன் துடுப்பில் நூல் அறுத்த காயம் இருந்தது.

"வலையை வீசியவர்கள் போய்விட்டார்கள். ஆனால் இது பிடிப்பதை நிறுத்தாது" என்றது ஆமை. "கிளிமீனே, பவளத்தையே கடித்துப் பொடியாக்கும் அலகு உனக்கு இருக்கிறது. திட்டோடு மாட்டிய நூல்களை அறுத்துவிடு. நீரோட்டம் இப்போது கரைப்பக்கம் ஓடுகிறது. வலை கரையில் ஒதுங்கிவிடும்."

கிளிமீன் வலையை நெருங்கியது. களவா குறுக்கே வந்து நின்றது. வலை போனால் சாப்பாடும் போய்விடுமே.

"அவசரப்படாதே அம்மா" என்றது களவா. "நூல் தொண்டையில் சிக்கினால் உன் குஞ்சுகளை யார் பார்ப்பார்கள்? அது பாட்டுக்கு ஓரமாகக் கிடக்கிறது. நான் பக்கத்திலேயே இருக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது? கிட்டப் போகாமல் இருந்தால் போதும்."

அந்தப் பேச்சு நியாயமாகப் பட்டது. கிளிமீன் திரும்பிப் போய்விட்டது.

அடுத்த வாரம் காற்று திசை மாறியது. இரண்டு நாள் கடல் கொந்தளித்தது. வலை பிரிந்து, திட்டு முழுவதையும் போர்வைபோல மூடியது.

கடல் அடங்கியதும் களவா வெளியே தலை நீட்டியது. நூல் செவுளில் மாட்டியது. களவா பின்னால் இழுத்தது, நூல் இன்னும் இறுகியது. எதிரே கிளிமீனும் அதன் குஞ்சுகளும் வலையில் செத்துத் தொங்கின. களவாவுக்கு முதல் தடவையாகப் பசி மறந்துபோனது.

ஆமை திரும்பி வந்தது. நூலைக் கடித்தது, மூச்சு வாங்க மேலே போனது, மறுபடியும் வந்து கடித்தது. பொழுது சாயும்வரை பாடுபட்டும் நான்கு நூல்கள்தான் அறுந்தன.

"போதும்" என்றது களவா. "சாப்பாடு போய்விடும் என்றுதான் அவளைத் தடுத்தேன். இதை அடுத்த திட்டில் போய்ச் சொல். நான் செய்ததையும் மறைக்காமல் சொல்."

"சொன்னால் கேட்பார்களா?"

"நான் கேட்கவில்லையே" என்றது களவா. சற்று நேரத்தில் அதன் செவுள் அசைவது நின்றது.

ஆமை கிளம்பியது. சில நாட்களில் வலையில் தொங்கிய உடல்கள் அழுகி உதிர்ந்தன. பாரம் குறைந்ததும் நீரோட்டம் இழுக்க, வலை பவளத்தை விட்டு மெல்ல எழுந்து, அடுத்த திட்டை நோக்கி நகர்ந்தது.

நீதி: கடலைக் கொல்லும் கேட்டைத் தனக்கு ஆதாயம் என்று காப்பவன், தன் சாவையே வளர்க்கிறான்.