படகின் நூல்

"நான் தப்பாத்தான் சொல்லப்போறேன் டீச்சர். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் குணவதி.

செலின் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. மெழுகு தடவிய அட்டையில் ஒரு படகு வெட்டிக்கொண்டிருந்தாள்.

செலினுக்கு இருபத்தொன்பது வயது. குணவதிக்கு ஐம்பத்திரண்டு. குணவதி டீச்சர் என்பாள், செலின் அக்கா என்பாள்.

மூடிப்போன போட்டோ ஸ்டுடியோ ஒன்றின் பின்னறையில்தான் செலினின் நிகழ்ச்சி. ஆறு நாற்காலி, ஆறு பேர். ஏதோ பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட, கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் புரொஜெக்டர். அதன் மேல் ஒரு கண்ணாடித் தட்டு, தட்டில் கொஞ்சம் தண்ணீர். படகை மிதக்கவிட்டு, நூலால் இழுத்தபடி செலின் கதை சொல்வாள். அண்ணனைத் தேடிக் கடலில் போன தங்கையின் கதை. எதிர்ச் சுவர் முழுக்க அலையடிக்கும்.

நாளை செலின் ஊரில் இல்லை. நாலு மாதமாகக் கூடவே இருந்து கற்றுக்கொண்ட குணவதி, முதல் தடவையாகத் தனியாக நடத்தவேண்டும்.

ஏழாம் வகுப்பில் செய்யுளைப் பாதியில் மறந்து நின்றவள் அவள். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை.

"இங்க பாருங்க" என்று தன் குறிப்பு நோட்டைப் பிரித்தாள். "திங்கக்கிழமை படகு இடப்பக்கமிருந்து வந்துச்சு. அண்ணன் கிடைச்சான். புதன்கிழமை வலப்பக்கமிருந்து வந்துச்சு. கிடைக்கல. வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு கரையை விட்டே கிளம்பல! இதுல எது சரி?"

"மூணும்."

"மூணும் எப்படி டீச்சர் சரியாகும்? ஒரே கதைக்கு மூணு முடிவு வச்சா மனுஷி எதைத்தான் மனப்பாடம் பண்றது?"

செலின் நோட்டை வாங்கினாள். கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நோட்டை விரித்து வைத்தாள். சுவிட்சைப் போட்டாள்.

சுவர் கறுத்தது.

"என்ன தெரியுது அக்கா?"

"என்ன தெரியும்? இருட்டுதான் தெரியுது. நோட்டை எடுங்க, சூட்டுல பொசுங்கிடப்போவுது. நாலு மாசமா எழுதினது."

"வெள்ளிக்கிழமை யாரெல்லாம் வந்திருந்தாங்க?"

"ஆறு பேர்."

"யாரு?"

குணவதிக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு கேக்குறீங்க" என்று முணுமுணுத்தாள்.

செலின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தண்ணிய மறக்காம மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் நாலு மணி. ஜன்னல்களில் கறுப்புத் துணி. ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

குணவதி புரொஜெக்டர் விளக்கைப் போட்டாள். கை தட்டில் இடிபட்டுத் தண்ணீர் தளும்பியது. சுவரில் பெரிய அலை எழும்ப, ஓரத்திலிருந்த பெரியவர் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

கதையைத் தொடங்கினாள். படகு நடுக்கடலுக்கு வந்தது.

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஏழாம் வகுப்பு மாதிரியே.

நோட்டைப் பார்த்தாள். திங்கள், புதன், வெள்ளி மூன்றும் அவள் கையெழுத்திலேயே வரிசையாக நின்றன. டீச்சரை மனதுக்குள் திட்டிக்கொண்டே நிமிர்ந்தாள்.

எதிரே பச்சைச் சேலையில் ஒரு பெண். இரண்டு கையாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தாள். எல்லோரும் சுவரைப் பார்க்க, அவள் மட்டும் தட்டிலிருந்த அட்டைப் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவுத்துடாதீங்க" என்றாள், மெதுவாக.

குணவதிக்கு எரிச்சலாக வந்தது. இவள் வேறா! இந்த முகத்தைப் பார்த்து, அண்ணன் கிடைத்தான் என்று சொன்னாலும் தப்பாகும் போலிருந்தது. கிடைக்கவில்லை என்றாலும் தப்பாகும் போலிருந்தது.

இனிமேல் தப்பு நடந்தால் அது தன் கையால் நடக்கக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நோட்டை மூடிக் கீழே போட்டாள். எட்டி, படகின் நூலை அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.

"இந்தாம்மா. நீயே இழு."