இளவரசியின் வயிற்றில் வந்த தூதர்

முன்னொரு காலத்திலே வேங்கைமலை நாட்டை விக்கிரமகேது என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் ஓர் உத்தரவு போடுவார், சாயங்காலம் அதைப் போட்டது யாரென்று கேட்டுத் திட்டுவார். அவருக்கு மந்திரி மங்கைபாகர். மகா மதியூகி என்று ஊரெல்லாம் பேச்சு. அதில் மதி கொஞ்சம், ஊகம்தான் மிச்சம் என்பது மங்கைபாகருக்கு மட்டும் தெரியும். ராஜா கூப்பிட்டனுப்பினாலே அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். தலைப்பாகையைச் சரிசெய்கிற சாக்கில் அதிலேயே துடைத்துக்கொள்வார். பார்த்தவர்கள், மந்திரி ஏதோ யோசிக்கிறார் என்பார்கள். அவரும் மறுத்ததில்லை.

இளவரசி அமிர்தவல்லிக்கு ஏழு வயது. பெரிய ராணி காலமாகி, ராஜா மறு கல்யாணம் செய்துகொண்டு, சின்ன ராணிக்கு ஆண் குழந்தையும் பிறந்தது. அரண்மனை முழுக்கத் தோரணம். அன்றிலிருந்து விடிந்தால் போதும், இளவரசிக்கு வயிற்றுவலி. வைத்தியர் கஷாயம் கொடுத்தார். கஷாயம் வெளியே வந்தது, வலி உள்ளேயே இருந்தது. தளபதி ரணகேசரிக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. மந்திரிக்கு முன்னால் தானே குணப்படுத்திவிட வேண்டுமென்று, "இது வெறும் பயம். பயத்துக்கு மருந்து யானை" என்று குழந்தையைப் பட்டத்து யானைமேல் ஏற்றித் தானும் கூடவே உட்கார்ந்தார். அவள் அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தின் மேலேயே வாந்தி எடுத்தாள்.

அந்தக் கடுப்பில் தளபதி சபையில் எழுந்தார். "மன்னா, எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. வீரர் குடும்பத்துல இப்படி ஒரு பிள்ளையா? தாய்மாமன் ஊருக்கு அனுப்பிடுங்க. அங்கேயே வளரட்டும்."

"நல்லது. வெள்ளிக்கிழமை பல்லக்கு புறப்படட்டும்," என்ற ராஜா, மந்திரியின் பக்கம் திரும்பினார். "உம்ம புத்தி என்ன சொல்லுது, காணும்?"

புத்தி ஒன்றும் சொல்லவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது. "நாளைக்கே குணப்படுத்திடறேன், மன்னா."

"இல்லைன்னா அந்தப் பல்லக்குக்குப் பின்னாலேயே நீரும் நடந்து போகணும்," என்றார் தளபதி. ராஜாவுக்கு அந்த யோசனை ரொம்பவும் பிடித்துவிட்டது.

தன் வாயைத் திட்டிக்கொண்டே மங்கைபாகர் இளவரசியிடம் போனார். கைவசம் யோசனை எதுவும் கிடையாது. "வலி என்னம்மா சொல்லுது?" என்று நேரம் போக்கத்தான் கேட்டார். அவள் நிறையச் சொன்னாள். கேட்டு முடித்து அவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னியாம்மா?"

"யார்கிட்ட சொல்ல ஆரம்பிச்சாலும், பயப்படாதேன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க."

மறுநாள் சபை கூடியது. "மன்னா, தூதர் ஒருத்தர் வெளியே காத்திருக்கார்," என்றார் மந்திரி. ராஜாவுக்குத் தூதர் வருகையென்றால் உயிர். தூதர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது, பேசியவர் யாராயிருந்தாலும் தூதருக்குச் சாமரம் வீச வேண்டும், அன்றைக்கே பதிலும் சொல்லியாக வேண்டும் என்று அவரே சட்டம் போட்டிருந்தார். அவர் மாற்றாத சட்டம் அது ஒன்றுதான்.

எக்காளம் முழங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமிர்தவல்லி வந்தாள்.

"தூதர் எங்கே ஓய்?"

"வயித்துக்குள்ள இருக்கார், மன்னா. சேதி கொண்டுவந்தவரை நாமதான் கஷாயத்தாலும் யானையாலும் துரத்திக்கிட்டிருந்தோம். அவர் சொல்றதை இளவரசி எடுத்துச் சொல்வாங்க." இதற்குச் சிரிப்பார்களா, தலையை வாங்குவார்களா என்று மங்கைபாகருக்கே தெரியவில்லை.

குழந்தை தூதருக்கான ஆசனத்தில் உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. "அம்மா அறையில இப்போ தம்பிக்குத் தொட்டில் கட்டியிருக்காங்க. எங்கிட்ட யாருமே சொல்லலை."

"இதெல்லாம் ஒரு பயமா?" என்றார் தளபதி.

மந்திரி ஒரு சாமரத்தை எடுத்து நீட்டினார். தளபதி ராஜாவைப் பார்த்தார், ராஜா விட்டத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் தளபதி வீச ஆரம்பித்தார்.

"அம்மாவும் சொல்லாமத்தான் போனாங்க. தம்பி வந்ததிலேருந்து அப்பா என் பக்கமே வரலை. அப்பாவும் போயிட்டா என்ன பண்றதுன்னு எழுந்ததும் வயிறு வலிக்குது. அப்புறம்..."

"அசடே, நான் எங்கே போகப்போறேன்? பயப்படாதே," என்றார் ராஜா.

மங்கைபாகர் இரண்டாவது சாமரத்தை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு அதை ராஜாவிடம் நீட்டினார்.

ராஜா முறைத்தார். பிறகு, "நான் போட்ட சட்டம், என்னையே சாமரம் தூக்க வைக்குது," என்று முணுமுணுத்தபடி இறங்கி வந்து, மகள் பக்கத்தில் நின்று வீசினார். இவ்வளவு கிட்டத்தில் அவளைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"அப்புறம் என்னம்மா?"

"அவ்வளவுதான். பதில் சொல்லுங்க."

ராஜாவின் கண் நிறைந்துவிட்டது. "உன் முகத்துல உங்கம்மா இருக்கா. பார்த்தா அழுதுடுவேன்னு பயந்துக்கிட்டு ஒளிஞ்சிருந்தேன். உனக்காவது வயித்துவலி. எனக்கு வெறும் கோழைத்தனம். அந்த அறையைப் பத்தி உன்னைக் கேட்டிருக்கணும், கேக்கலை. அம்மா இனிமே வரமாட்டா. தம்பி இங்கேதான் இருப்பான், நீயும் இங்கேதான் இருப்பே. தினமும் காலையில நான் உங்கிட்ட வருவேன். எங்கே போனாலும் சொல்லிட்டுத்தான் போவேன்."

அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"வலி போச்சா?" என்றார் ராஜா.

"பாதி இருக்கு. வீசுங்க."

பல்லக்கைக் கொட்டிலுக்கே திருப்பச் சொன்ன ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். சபை கலைந்தது. ராஜா மகள் பக்கத்திலேயே வீசிக்கொண்டிருக்க, தளபதி சாமரத்தோடு தூண் ஓரமாக நின்றார்.

"மந்திரியாரே," என்றார் சன்னக் குரலில். "இடி இடிச்சா எனக்குக் கொஞ்சம்... சின்ன வயசிலேருந்தே. இதுக்கு என்ன பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? நேத்து நான் வாய்க்கு வந்ததைக் கேட்டேன், அது பலிச்சுது. இளவரசியைக் கேளுங்க."

ஆறடித் தளபதி போய் அமிர்தவல்லியின் முன்னால் நின்று இடியைப் பற்றிச் சொன்னார். அவள் ஆசனத்தில் நகர்ந்து இடம் கொடுத்தாள். "உக்காருங்க. அது என்ன சொல்லுது?"

ராஜா சிரிக்க வாயைத் திறந்தார்.

"அப்பா," என்றாள் அவள்.

ராஜா வாயை மூடிக்கொண்டார்.